கோணல் சுண்டுவிரல்

புடாபெஸ்ட், 12 அக்டோபர் 1909

அன்பு வில்மா அக்காவுக்கு,

உன் தங்கை எடெல் எழுதுகிறேன். இருமல் போய்விட்டது, குரல் திரும்பிவிட்டது, இடுப்பு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. மற்றபடி சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் கண்ணாடி மாற்றினாரா? பிரோஷ்காவுக்கு முன்பல் விழுந்ததா? விழுந்த பல்லைத் தூக்கிப் போட்டுவிடாதே, எடுத்து வை.

‘நீல விளக்கு’ காபரேயில் எனக்கு இது மூன்றாவது வருஷம். முதலாளி சொல்கிறார்: “எடெல், நீ சிரிப்புப் பாட்டு பாடினா பீர் விக்குது. சோகப் பாட்டு பாடினா பிராந்தி விக்குது. உனக்கு எது வருதோ பாடு தாயி, எனக்கு ரெண்டும் லாபம்.” மனுஷர் நல்லவர்தான், வாய்தான் அப்படி.

ஒரு சமாசாரம். ஒத்திகை நேரத்தில் தினமும் ஒரு கவிஞர் வருகிறார். லோரான்ட் வேச்செய் என்று பெயர், பத்திரிகையில் பார்த்திருப்பாய். ஒரே ஒரு காபி வாங்கி வைத்துக்கொண்டு சலவைக்கல் மேசைமேல் பென்சிலால் எழுதுவார். பரிமாறுகிறவர் துடைக்க வந்தால், “தொடாதீங்க, நாளைக்கு இதைப் பள்ளிக்கூடத்துல படிப்பாங்க” என்பார். எல்லாம் என்னைப் பற்றித்தான் அக்கா! எனக்கு ‘லியோனா’ என்று பெயரே வைத்துவிட்டார். எடெல் என்றால் துணி வெளுக்கிறவள் பெயர் மாதிரி இருக்கிறதாம். சிரிக்காதே. என்னை இதுவரை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள், ஒருத்தரும் எழுதியதில்லை.

அத்தானுக்குக் கைமுத்தம். பிரோஷ்காவுக்குக் கன்னம் சிவக்கச் சிவக்க முத்தம்.

உன் எடெல்

*

கிஷ்வெரெம், 30 அக்டோபர் 1909

எடெலுக்கு,

கடிதம் வந்தது. முழங்கால் குளிருக்குத் தகுந்தபடி வலிக்கிறது. காஷ்பார் கண்ணாடி மாற்றவில்லை, மூக்கை மாற்றினாலும் மாற்றுவாரே தவிர அதை மாற்ற மாட்டார். வெங்காயம் எடுத்தாயிற்று, பின்னிக் கூரையடியில் தொங்கவிட்டாயிற்று. முன்பல் விழுந்தது, கேட்டபடி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

உன் கவிஞரைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மேசைமேல் எழுதுகிறவன் வீட்டில் காகிதம் இருக்காது. அல்லது பெண்டாட்டி இருப்பாள்.

எடெல், எனக்கு ஒன்றுதான் முக்கியம். அராத் நகரத்தில் அந்தக் குளிர்கால அறையில், குழந்தையை என் கையில் கொடுத்தபோது நீ வேதப் புத்தகத்தின்மேல் கை வைத்துச் சொன்னது நினைவிருக்கிறதல்லவா? பாதிரியாரிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்றாய். காஷ்பார் இந்த ஊரின் பதிவாளர். பிரோஷ்கா என் வயிற்றில் பிறந்தவள் என்று அரசாங்கப் பதிவேட்டில் எழுதியது அவர் கை. வெளியே தெரிந்தால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும், அவர் ஜெயிலுக்கும் போகலாம். பிள்ளைக்கோ ஊர் வேறு பெயர் வைத்துவிடும். அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் அவளை ஸெகெட் நகரத்துக் கன்னியர் மடப் பள்ளியில் சேர்க்க எண்ணம். அங்கே பிறப்புச் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்களாம்.

ஆகவே எவன் என்ன பெயர் வைத்தாலும் வாயை மூடிக்கொண்டு பாடு.

பிரோஷ்கா முத்தம் சொல்லச் சொன்னாள். பேனா பிடிக்கும்போது அந்தக் கோணல் சுண்டுவிரல் உன்னுடையதைப் போலவே தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. நம் அப்பாவின் விரல், என்னைத் தாண்டிப் போய்விட்டது.

வில்மா

*

புடாபெஸ்ட், 20 டிசம்பர் 1909

என் அக்காவுக்கு,

உங்கள் மூவருக்கும் கிறிஸ்துமஸ் நல்லபடி அமையட்டும். கசகசா ரொட்டி சுட்டிருப்பாய், எனக்கும் ஒரு துண்டு வெட்டி வைத்து நீயே தின்றுவிடு. உடம்பு சுகமே.

இத்துடன் ஒரு பொட்டலம். பிரோஷ்காவுக்குச் சிவப்புக் கையுறை. ஜனவரி பதினெட்டு, காலண்டரில் பிரோஷ்கா என்று போட்டிருக்கும் அவளுடைய பெயர்நாளுக்குப் போட்டுவிடு. கையுறைக்காரியிடம் நின்று சண்டை போட்டு, சுண்டுவிரலை மட்டும் வளைத்துத் தைக்கச் சொன்னேன். “எந்தப் பிள்ளைக்கும்மா இப்படி விரல் இருக்கும்?” என்றாள். “ராஜகுமாரிக்கு” என்றேன்.

வழக்கம்போல அன்றைக்கு நான் பாடப்போவதில்லை. முதலாளி முணுமுணுக்கிறார். லோரான்ட்கூடக் கேட்டார்: “வருஷா வருஷம் பதினெட்டாம் தேதி உனக்கு என்ன லியோனா? யாரு செத்தா?” பல்வலி என்று சொல்லிவிட்டேன். நம்பினாரோ என்னவோ, என் கையை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். என் கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை அக்கா.

அவருக்குப் பெண்டாட்டி இல்லை. நீ தோற்றாய்.

எடெல்

*

கிஷ்வெரெம், 22 ஜனவரி 1910

எடெலுக்கு,

கையுறை அளவெடுத்தாற்போல் இருக்கிறது. பெயர்நாளன்று மூக்கு ஒழுக ஒழுக வெளியே நின்று எல்லாருக்கும் கையைக் காட்டினாள். “எங்க சித்தி அனுப்பிச்சா. என் விரலுக்குன்னே தச்சது. உங்க யாருக்கும் பத்தாது.” தூங்கும்போதும் கழற்றவில்லை.

இங்கே சொல்வார்களே, பிரோஷ்கா நாளில் பனி உறைந்தால் நாற்பது நாள் விடாது என்று. இந்த வருஷம் கிணற்று வாளி கல்லாகக் கிடக்கிறது.

பல்வலி என்று சொன்னது சரி. பல்வலியாகவே இருக்கட்டும்.

காஷ்பார் நலம் விசாரித்தார்.

வில்மா

*

புடாபெஸ்ட், 16 ஏப்ரல் 1910

அன்பு அக்காவுக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. நீங்கள் அனைவரும் சுகந்தானே? நான் சுகம், சுகத்துக்கும் மேலே. ‘நீல விளக்கு’ வாசலில் வரிசை தெருமுனை வரை நிற்கிறது. லோரான்ட் எழுதி, மெட்டுப் போட்ட புதுப் பாட்டு ஒன்று. ஆட்டமில்லை, கொட்டில்லை, சும்மா நின்றுகொண்டு பாடுகிறேன். முட்டைக்கோஸ் விற்கிற பெண்பிள்ளைகளும் அழுகிறார்கள், ராணுவ அதிகாரி ஒருத்தரும் அழுதார். என்னைத் தெருவில் பார்த்தால் ஆண்கள் தொப்பியைக் கழற்றுகிறார்கள். முன்பெல்லாம் கண்ணடிப்பார்கள்.

பாட்டின் வரிகளை அனுப்பு என்று கேட்காதே. காகிதத்தில் நன்றாக இராது.

பிரோஷ்காவுக்கு எத்தனை உயரம்? கதவில் கோடு போட்டு அளந்து எழுது.

எடெல்

*

கிஷ்வெரெம், 24 ஜனவரி 1911

எடெல்,

நாங்கள் சுகமில்லை.

பதினெட்டாம் தேதி மாலை எங்கள் வீட்டில் தலையணைக்கு வாத்து இறகு உரிக்கிற முறை. தெருப் பெண்கள் பத்துப் பேர், பிரோஷ்கா என் பக்கத்தில். இறகு பறக்கும் என்று கதவு ஜன்னல் எல்லாம் அடைத்து, தும்மல் வந்தாலும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மருந்துக்கடைக்காரர் பெண்டாட்டி அன்றைய புடாபெஸ்ட் பத்திரிகையோடு வந்தாள்.

“வில்மா, இன்னிக்கு உங்க பொண்ணு பேருக்கே கவிதை போட்டிருக்கான் பாரு! படிக்கட்டுமா?”

“படிங்களேன்” என்றேன். நான்தான் சொன்னேன். பெயர்நாளாயிற்றே, பிள்ளை சந்தோஷப்படும் என்று நினைத்தேன்.

தலைப்பு ‘பிரோஷ்காவின் நாள்’. எழுதியவர் லோரான்ட் வேச்செய். பாடகி ஒருத்திக்குத் தொலைவில் ஒரு மகளாம். அவள் வேறொருத்தியை அம்மா என்று கூப்பிடுகிறாளாம். சிவப்புக் கையுறை, அதில் வளைத்துத் தைத்த சுண்டுவிரல். வெங்காயப் பின்னல் தொங்கும் வீடு. “பொய்யை மைதொட்டு எழுதிய நல்ல மனிதர்” என்று ஒரு வரி. அத்தனையும், எடெல், ஒன்று விடாமல்.

படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பிறகு நின்றுவிட்டது. பத்துப் பேரும் என்னைப் பார்க்கவில்லை. பிரோஷ்காவின் கையைப் பார்த்தார்கள். அவள் பாட்டுக்கு விரலை நீட்டிக்கொண்டு இறகு உரித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, எனக்கும் சிவப்புக் கையுறை இருக்கே!” என்றாள்.

அப்போது யாரோ எழுந்து கதவைத் திறந்து போய்விட்டாள். இறகெல்லாம் கிளம்பிவிட்டது. யாரும் பிடிக்கவில்லை. ஒவ்வொருத்தியாக, “அடுப்புல பால் வச்சிருக்கேன்”, “மாட்டுக்குத் தண்ணி காட்டணும்” என்று போனார்கள். இன்னும் அலமாரி மேலெல்லாம் இறகு கிடக்கிறது. பெருக்க எனக்குக் கை வரவில்லை.

மாவட்ட அலுவலகத்துக்கு யாரோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். காஷ்பார் சாப்பிடுவதில்லை.

பல்வலி என்று சொன்னேன் என்றாயே, எடெல்.

வில்மா

*

புடாபெஸ்ட், 29 ஜனவரி 1911

அக்கா, என் அக்கா,

என்னை நம்பு. இது அவன் செய்தது. எனக்குத் தெரியாது. பத்திரிகையை உன் கடிதம் வந்த பிறகுதான் பார்த்தேன். பதினெட்டாம் தேதி நான் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பேன் என்று உனக்கே தெரியும்.

ஒரே ஒரு தடவை சொன்னேன். போன வருஷம் பெயர்நாளன்று மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது அவன் வந்துவிட்டான். அழுதுகொண்டிருந்தேன், சொல்லிவிட்டேன். என் கையை முத்தமிட்டு, செத்தாலும் வெளியே விடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். பாவி.

நேற்றுப் போய்க் கேட்டேன். அதே மேசையில் உட்கார்ந்திருந்தான்.

“எதுக்குய்யா பேரைப் போட்ட? எதுக்குத் தேதியைப் போட்ட?”

“பத்திரிகையில பெயர்நாளுக்கு ஒரு கவிதை கேட்டாங்க லியோனா. கையில இருந்தது இதுதான்.”

“கையில இருந்ததா? அது என் பொண்ணு!”

“சத்தம் போடாத. இந்த நாட்டுல நூறு வருஷம் கழிச்சும் உன் பொண்ணை நெனச்சு அழுவாங்க. நீ வேற என்ன குடுத்திருக்க அவளுக்கு? ஒரு ஜோடி கையுறை.”

அவன் காபியை அவன் மடியிலேயே கவிழ்த்தேன். என் லோரான்ட், அக்கா! வேறு எவன் செய்திருந்தாலும் தாங்கியிருப்பேன். ஈஸ்டருக்குப் புத்தகம் வருகிறதாம், இதுதான் முதல் கவிதையாம். எடுத்துவிடு என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அச்சுக் கோத்தாயிற்று என்கிறான்.

நான் வரட்டுமா? அத்தானிடம் நானே பேசுகிறேன்.

உன் எடெல்

*

கிஷ்வெரெம், 10 பிப்ரவரி 1911

எடெல்,

வராதே.

காஷ்பார் வக்கீல் ஒருவரைப் பார்க்கப் புடாபெஸ்ட் வந்துபோனார். உன்னைப் பார்க்கவில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே இசைக்கடை ஜன்னலில் உன் படம் இருந்ததாம். உள்ளே போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மெட்டோடு அச்சிட்ட பாட்டுத்தாள். அட்டையில் உன் முகம், ஒரு கன்னத்தில் கை, சுண்டுவிரல் தனியாக நீட்டிக்கொண்டிருக்கிறது. ‘கோணல் விரல், லியோனா பாடியது’. அச்சிட்டது 1910 மார்ச்.

போன வருஷம் மார்ச், எடெல்.

பத்திரிகைக்காக உன் கவிஞன் பிள்ளையின் பெயரையும் தேதியையும் மட்டும் புதிதாகச் சேர்த்திருக்கிறான். விரலும் கையுறையும் வெங்காயமும் பொய்யெழுதிய மனிதரும் உன் வாயால் பத்து மாதம் ஊரறியப் பாடப்பட்டவை. வரிசை தெருமுனை வரை நின்றது என்று எழுதினாயே, எதற்கு நின்றது என்று இப்போது புரிகிறது. வரிகளைக் கேட்காதே என்றாய். நானும் கேட்கவில்லை பார், அவ்வளவு முட்டாள்.

அவன் அந்நியன். அவன் எனக்கு ஒரு சத்தியமும் செய்யவில்லை. நீ செய்தாய்.

பாட்டுத்தாளைக் காஷ்பார் என் முன்னால் மேசையில் வைத்து, “என் கையெழுத்து நல்லா இருக்கும்னு ஊரெல்லாம் சொல்லும். அதுக்குத்தான் பாட்டு கட்டியிருக்கா உன் தங்கச்சி” என்றார். எட்டு வருஷத்தில் உன்னைப் பற்றி அவர் சொன்ன முதல் கடுஞ்சொல் அது.

27ஆம் தேதி மாவட்டத்திலிருந்து விசாரணை அதிகாரி வருகிறார். கணக்குப் பார், பெயர்நாளிலிருந்து சரியாக நாற்பது நாள்.

வில்மா

*

புடாபெஸ்ட், 21 பிப்ரவரி 1911

அக்காவுக்கு,

இந்த முறை நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஆமாம், பாடினேன். விரலை நான்தான் சொன்னேன், கையுறையை நான்தான் சொன்னேன், அத்தானைப் பற்றியும் நான்தான் சொன்னேன். பெயரும் நாளும் மட்டும் வேண்டாம் என்றேன், அதுவே பெரிய பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஏன் பாடினாய் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். அந்த நாலு நிமிஷம் இருநூறு பேருக்கு நடுவில் நான் அவளுடைய அம்மாவாக இருந்தேன் அக்கா. பாட்டு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு மட்டும் அது பாட்டில்லை. கைதட்டலும் பிடித்திருந்தது. அதையும் மறைப்பதற்கில்லை.

இப்போது நான் செய்ததைக் கேள்.

ஞாயிறு பகல் காட்சி. லோரான்ட் முன்வரிசையில் சிநேகிதர்களோடு இருந்தான். ‘கோணல் விரல்’ பாடு பாடு என்று கூச்சல். நான் மேடை விளிம்புக்கு வந்தேன். “பாட மாட்டேன். அது பூராவும் பொய்” என்றேன். சிரித்தார்கள். “எனக்குப் புள்ளையே பொறக்கல. இந்த விரல் எங்க அப்பா விரல். எங்க அக்கா பொண்ணுக்கும் வந்திருக்கு, பெத்த தாத்தா விரல் வராம யாரு விரல் வரும்? நான் மலடி. அக்கா பொண்ணை என் பொண்ணுன்னு சொல்லிக் கவிஞரை ஏமாத்தினேன். அம்மான்னா அழுவீங்க, மலடின்னா யாரு டிக்கெட் வாங்குவீங்க?”

சிரிப்பு நின்றது. பிறகு ஒரு பெண்பிள்ளை, போன வருஷம் அழுதவளேதான், “சீ, இவளுக்காகவா அழுதோம்!” என்று கத்தினாள். ரொட்டித் துண்டு வந்து விழுந்தது. லோரான்ட் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு உண்மை தெரியும். தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் பத்திரிகையில், ஒரு மலட்டுக் காபரேக்காரி தன் கண்ணீரை வஞ்சித்ததாக எழுதியிருக்கிறான். அதைக்கூட நன்றாகத்தான் எழுதியிருக்கிறான். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து இத்துடன் வைத்திருக்கிறேன், அதிகாரியிடம் காட்டு. நோட்டரி முன்னால் சத்தியம் செய்து, முத்திரை போட்ட காகிதமும் இருக்கிறது. என் வயிற்றில் குழந்தை பிறந்ததில்லை என்று அதில் என் கையெழுத்து. கோணல் விரலில் கையெழுத்தும் கொஞ்சம் கோணிவிட்டது, செல்லும் என்றார்.

ஒருமுறை வேதப் புத்தகத்தின்மேல் சத்தியம் செய்து மீறினேன். இந்தச் சத்தியத்தை மீற மாட்டேன்.

முதலாளி கணக்கை முடித்துவிட்டார். தெமெஷ்வாரில் ஒரு பீர்க்கடையில் பாட ஆள் வேண்டுமாம். எடெல் என்ற பெயரிலேயே போகிறேன்.

அத்தானுக்குக் கைமுத்தம், ஏற்றுக்கொண்டால்.

எடெல்

*

கிஷ்வெரெம், 12 மார்ச் 1911

அன்புள்ள சித்திக்கு,

பிரோஷ்கா எழுதுகிறேன். நான் சுகம். நீங்கள் சுகமா? பனி உருகிவிட்டது. வாத்துக்கள் சுகம்.

மீசை வைத்த ஒரு அதிகாரி வந்தார். என் விரலைப் பிடித்துப் பார்த்தார். “இது யாரு விரல் பாப்பா?” என்று கேட்டார். “என் விரல்” என்றேன். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அதிகாரி தாத்தா படத்தையும் நீங்கள் அனுப்பிய காகிதத்தையும் பார்த்தார். வெங்காயம் ஒரு பின்னல் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு ஸெகெட் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. அங்கே எல்லாரும் நீலக் கையுறைதான் போட வேண்டுமாம். சிவப்பு எனக்குச் சிறிசாகிவிட்டது, சுண்டுவிரல் மட்டும் இன்னும் சரியாக இருக்கிறது.

தெருவில் எல்லாரும் மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மருந்துக்கடை மாமி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு கேக் கொண்டுவந்தாள். “உன் தங்கச்சி இப்பேர்ப்பட்ட பொய்க்காரியா இருப்பான்னு யாரு கண்டா?” என்றாள். அம்மா கேக்கை வாத்துக்குப் போட்டுவிட்டாள்.

பத்திரிகையை நானும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். மலடி என்றால் என்ன என்று கேட்டேன். பிள்ளை பிறக்காதவள் என்று அம்மா சொன்னாள். அப்புறம் அடுப்பங்கரைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

எனக்குப் பாவமாக இருந்தது. உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால் அதற்கும் நம் விரல் வந்திருக்கும். நாம் மூன்று பேராக இருந்திருப்போம். கவலைப்படாதீர்கள் சித்தி, நான் இருக்கிறேன்.

முத்தங்கள்.

பிரோஷ்கா

(இதன் அடியில்) கடிதம் அவளாகவே எழுதியது. ஒரு எழுத்தும் நான் சொல்லித்தரவில்லை. பதில் எழுதாதே, எடெல். எழுதினால் நான் படித்துக்காட்ட வேண்டியிருக்கும், என்னால் முடியாது. பல் டப்பா இத்துடன் வருகிறது.

வில்மா